நேர்ந்துவிட்ட குரல்

தம்பி,

நேற்றுப் பின்னேரம் உன்னுடைய சிஞ்ஞோரா எனக்குத் தொலைபேசி எடுத்தார். உனக்குப் பாட்டுச் சொல்லித்தந்த காலத்தில் ஒரு தடவைகூட என்னோடு நேரே பேசாத அம்மாள். எடுத்த எடுப்பிலேயே, "உங்கள் மகன் செத்துவிட்டானா?" என்று கேட்டார். இல்லை, இன்சூரன்ஸ் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிறான் என்றேன். "இரண்டும் ஒன்றுதான்" என்றார். இத்தாலியில் ஒரு சின்ன நகரத்து அரங்கிலிருந்து ஒருவர் வருகிறாராம். வருகிற வியாழக்கிழமை காலேஜ் வீதியில் உள்ள சிஞ்ஞோராவின் வீட்டிலேயே வைத்து நாலைந்து இளம் பாடகர்களைக் கேட்கப் போகிறாராம். அவருக்கு வேண்டியது உன்னைப் போன்ற ஒரு மெல்லிய ரெனர் குரல், ஆண்களின் மேல்சுரக் குரல். சிஞ்ஞோரா உனக்குச் சொன்னபோது, "நான் இப்ப பாடுறதில்லை" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாயாம். காரணத்தையாவது கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்து பழகிவிட்டேன். ஆனால் உனக்குச் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் என்னிடம் இருக்கின்றன. தொலைபேசியில் சொன்னால், "சரி அப்பா, பிறகு கதைப்பம்" என்பாய். ஆகவே எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா போன பிறகு எனக்கு மிஞ்சிய ஒரே சுறுசுறுப்பு அதுதான்.

எண்பத்துமூன்று கலவரத்தில் வெள்ளவத்தை வீடு எரிந்து நாங்கள் இங்கே கனடாவில் வந்து இறங்கியபோது உனக்குப் பத்தொன்பது வயது. கொழும்பில் மிஷன் பாடசாலையில் படித்த காலத்திலிருந்தே உனக்குத் தேவாலயப் பாட்டுக் குழு, பியானோ என்று ஒரு கிறுக்கு இருந்தது. பையன்களுக்கு வருகிற காய்ச்சல், போய்விடும் என்று விட்டுவிட்டேன். கல்லூரியில் சரித்திரம் படிப்பித்த நான் இந்த நகரத்தில் வாகனத் தரிப்பிடத்துக் கூண்டுக்குள் உட்கார வேண்டியதாயிற்று. என்னுடைய பட்டங்களைப் பார்த்த ஒவ்வொரு அதிகாரியும் அவற்றை ஏதோ வேறு கிரகத்துக் காகிதம் போலத் திருப்பித் தந்தார். அவர்களுடைய முகங்கள் எல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே நீ பொறியியல் படிக்கப் போகிறாய் என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்க, நீ இசைப் பீடத்தில் பாடிக் காட்டி இடம் எடுத்துவிட்டு வந்து நின்றபோது நான் சொன்னேன்: "உன்ரை கூத்தைப் பாக்க நான் ஒருநாளும் வரமாட்டன். இது என்ரை சொல்." அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து வீடு உன் தொண்டைக்காக நடந்தது. உறைப்புச் சாப்பிட்டால் தொண்டை வறளும், நெஞ்செரியும், குரல் கெடும் என்று சிஞ்ஞோரா சொன்னாராம். அம்மா உனக்காகப் பச்சை மிளகாய் போடாமல் தேங்காய்ப்பால் சொதி வைக்கத் தொடங்கினாள். இரண்டு சட்டி வைக்க வேலைக்குப் போகிற மனிசிக்கு நேரம் ஏது? நானும் அதைத்தான் சாப்பிட்டேன். "என்னப்பா இது, ஆசுபத்திரிச் சாப்பாடு?" என்று கேட்டால், "பிள்ளை பாடவேணும். உங்களுக்கு உறைக்கவேணும் எண்டால் மிளகாயைக் கடியுங்கோ" என்பாள். ஒரு முழு மிளகாயைத் தட்டின் ஓரத்தில் வைத்தும் தருவாள். பாடம் உள்ள நாளில் நீ சாப்பிடாமல் வாசல் தாண்ட முடியாது. வெறும் வயிற்றோடு பாடினால் குடல் ஒட்டிவிடும் என்பது அவளுடைய சொந்த மருத்துவம்.

பிறகு அந்த மெழுகுதிரி. எங்கள் மோர்னிங்சைட் அப்பார்ட்மென்ட்டில், சாமிப் படத் தட்டுக்கு முன்னால், வாய்க்கு எதிரே மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு ஒரே சுரத்தைப் பிடித்து நிற்பாய். நூல் அளவில் தொடங்கி, அறை நிறைய விரித்து, மறுபடி நூலாக்கி முடிக்கவேண்டும். அவ்வளவு நேரமும் சுடர் அசையக்கூடாது. அசைந்தால் மூச்சு வீணாகிறது என்று அர்த்தம். பெல் கான்ரோ என்றால் அழகாகப் பாடுதல் என்று நீ அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். கத்திப் பாடுவதில்லை, இழுத்துப் பிடித்துப் பாடுவதில்லை, உச்சத்துக்குப் போகும்போதும் தொண்டையை நெரிக்காமல் மூச்சின் மேல் வைத்துப் பாடுவது என்று சொன்னாய். நான் பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் பத்திரிகையின் மேல் விளிம்பால் அந்தச் சுடரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நீ ஒபராவில் பாடத் தொடங்கிய நாளிலிருந்து நான் வந்திருக்கிறேன். நீ கும்பலில் ஒருவனாகப் பின்வரிசையில் நின்றபோதே வந்தேன். என் தரிப்பிடம் அரங்குக்குப் பக்கத்தில்தானே. பகல் காட்சிகளில், என் வேலை முறை தொடங்குமுன், மேலே கடைசியில் நின்று பார்க்கிற இடத்தில் நின்றேன். உள்ளே கூண்டுக்காரனின் உடுப்பு, அதன் மேல் ஓவர்கோட். இருக்கையில் இருக்கிறவர்களுக்கு மெய் சிலிர்க்கிற நேரத்தில் எனக்குக் கால் உளையும். ஒரு சொல் விளங்காது. ஆனால் மற்றவர்கள் மூச்செடுக்கிற இடத்தில் நீ எடுக்காமல் போவதை நான் கண்டுபிடித்துவிட்டேன். உன் நிறத்துக்குக் காதலன் வேடம் எடுபடாது என்று சொன்னானே ஒரு நெறியாளன், அவன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான். அவனுடைய வழுக்கைத் தலையை மேலிருந்து பார்த்துக்கொண்டு நான் மனதுக்குள் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது.

வரமாட்டேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லில் நிற்பவன் என்ற பெயர் ஒன்றுதான் கொழும்பிலிருந்து எரியாமல் வந்தது. அதனால் ஒளித்து வந்தேன்.

அந்தக் காதலன் வேடக்காரனுக்குக் காய்ச்சல் வந்து, அதே நெறியாளன் வேறு வழியில்லாமல் உன்னை மேடைக்கு அனுப்பிய ஞாயிற்றுக்கிழமை, அம்மா அஜக்ஸிலிருந்து வந்த தன் தமையன் சிவபாதம் மாமாவோடு கீழே உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போல மேலே. தலையில் வெள்ளைப் பவுடர் பூசிய பொய்முடி, காலில் பட்டுக் காலுறை. பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு நீ அந்த இரண்டாம் பகுதிப் பாட்டைத் தொடங்கினாய். நூலளவில் தொடங்கினாய். அந்தப் பெரிய மண்டபத்தில் ஒருவரும் இருமவில்லை, கனடாவில் பனிக்காலத்தில் ஒருவரும் இருமவில்லை. உச்சச் சுரத்தை நீ எட்டிப் பிடிக்கவில்லை. அது ஏற்கெனவே அங்கே இருந்தது போலவும் நீ அதன் பக்கத்தில் போய் நின்றது போலவும் இருந்தது. முடிந்து கைதட்டு எழும்பியபோது நான் தட்டவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கைகளை எடுக்க முடியவில்லை.

அரைமணி நேரத்தில் நான் கூண்டுக்குள் இருந்தேன். காரை எடுக்க வந்த ஒரு மனிதர் உன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "அந்த இந்தியப் பையனைக் கேட்டிருக்க வேண்டும் நீ" என்றார். அவன் என்னுடைய மகன் என்றேன். அவர் என் உடுப்பைப் பார்த்தார். "அப்படியா? என்னுடைய அம்மா இங்கிலாந்து மகாராணி" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்தபோது அம்மா சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "அவன் மூச்சு விட மறந்துபோனானோ எண்டு நான் பயந்துபோனன். நீங்கள் ஒருக்கா வந்திருக்கலாம்" என்றாள். "எனக்கு வேலை" என்றேன்.

அடுத்த மாசிமாதம் அவளுடைய வயிற்றுக்குள் கட்டி என்றார்கள். உனக்கு அப்போதுதான் ஒரு காதலன் வேடத்தை உன் பெயரிலேயே தந்திருந்தார்கள். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் மாமா உன்னை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் அவர் உனக்கு என்ன சொன்னார் என்பதைப் பிறகு அவருடைய வாயாலேயே கேட்டேன். "தம்பி, தேங்காய் உடைக்கிறதும் அர்ச்சனை செய்யிறதும் ஆரும் செய்யலாம். உனக்கு எது பெரிசோ அதை விடவேணும். அப்பத்தான் அது நேர்த்தி" என்று சொன்னாராம். யார் சொன்னது? காசிக்குப் போனால் ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வரவேண்டும் என்பதற்காக, பாகற்காயை விட்டுவிட்டு வந்த மனிதர். உனக்கு அந்தக் கதை தெரியும். அம்மா அதைச் சொல்லி அவரை எத்தனை தடவை சீண்டியிருக்கிறாள்.

"அண்ணை, உங்களுக்குச் சின்னனிலையே பாவக்காயைக் கண்டால் ஓக்காளம் வருமே!"

"அது வேறை பிள்ளை. விட்டது விட்டதுதான்."

"அப்ப நானும் காசிக்குப் போய் இந்த ஸ்னோவை விட்டிட்டு வாறன்."

அந்த மாமாவின் சொல்லைக் கேட்டுத்தான் நீ போய், பிள்ளையாருக்கு முன்னால் நின்று, அம்மா பிழைத்தால் இனிப் பாடுவதில்லை என்று நேர்ந்துவிட்டு வந்தாய். ஊரில் ஆட்டுக்கடாவை நேர்ந்துவிடுவார்கள். நீ உன் குரலை நேர்ந்துவிட்டாய்.

டொக்டர் வெளியே வந்து, நன்றாக முடிந்தது, முழுவதையும் எடுத்துவிட்டோம் என்று சொன்ன பிறகு, ஆசுபத்திரி நடையில் இருந்த பொதுத் தொலைபேசியில் நீ யாருடனோ பேசி முடித்ததைக் கண்டேன். யாரென்று கேட்டேன். அரங்குக்காரர் என்றாய். வேடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

"விசரே உனக்கு? அவதான் பிழைச்சிட்டாவே."

"அதுதான் அப்பா. பிழைச்சிட்டா. நேந்திட்டன்."

"என்னத்தை?"

"பாட்டை."

எனக்குச் சிரிக்கிறதா அடிக்கிறதா என்று தெரியவில்லை. கடவுளை நம்பாதவன் வீட்டில் கடவுளுக்கு இப்படி ஒரு விருந்து. நான் வாயைத் திறக்குமுன் நீ என் கையைப் பிடித்தாய். "அம்மாவுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சால், என்னாலைதானே எண்டு நினைச்சு நினைச்சே மனிசி செத்துப்போம். சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ அப்பா." நீ சொன்னது சரி. அவள் அப்படித்தான் ஆகியிருப்பாள். ஓம் என்றேன்.

இதுவரைக்கும் எனக்கு உன்மேல் வருத்தம் மட்டும்தான். கோபம் வந்தது இரண்டு மாதத்துக்குப் பிறகு. அம்மா எழும்பி நடமாடத் தொடங்கிவிட்டாள். நீ பாடுவதில்லை, ஒத்திகைக்குப் போவதில்லை, மெழுகுதிரி பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. ஒருநாள் கேட்டாள். நான் அறைக்குள் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. "ஏன் ராசா பாட்டை விட்டனி?" என்றாள். நீ சொன்னாய்: "அப்பாவுக்குப் பிடிக்கேல்லை அம்மா. எத்தினை நாளைக்கு அவரோடை சண்டை பிடிக்கிறது?"

அவள் நம்பக்கூடிய ஒரு காரணம் உனக்கு வேண்டியிருந்தது. கைக்கு எட்டிய தூரத்தில் நான் இருந்தேன். அவள் உடனே நம்பினாள். ஒரு கேள்வி கேட்கவில்லை, அப்படியா என்று சொல்லவில்லை. சப்பாத்து நாடாவைப் பிடித்தபடி நான் உள்ளே இருந்தேன். வெளியே வந்து, பொய், நான் அத்தனை காட்சிக்கும் வந்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால், அப்படியானால் ஏன் விட்டான் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அதற்குப் பதில் சொல்வதில்லை என்று உனக்கு ஓம் சொல்லியிருந்தேன். நீ என்னைப் பார்க்காமல் வெளியே போனாய். நான் கேட்டேன் என்று இன்றுவரை உனக்குத் தெரியாது.

அன்று இரவு சாப்பாட்டை வைத்துவிட்டு அவள் கேட்டாள், "இப்ப உங்களுக்குச் சந்தோசமோ?" பிறகு என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள். பால் முடிந்துவிட்டது, வாடகை கட்டவேண்டும், பஸ் வருகிறது. அவள் உயிரோடு இருந்த மிச்சக் காலம் முழுவதும் அப்படியே. நீ தனியாக அறை எடுத்துக்கொண்டு போனாய். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவளுடைய மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டுப் போனாய். எஞ்சிய நாட்களில் அந்த வீட்டில் இருந்தவன் நான். ஆனால் ஒன்று கவனித்தாயா? நீ பாட்டை விட்ட பிறகும் அவள் சொதிக்குப் பச்சை மிளகாய் போடவில்லை. ஒருநாள் நான் மிளகாய் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன். அவள் அதை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தாள். அங்கேயே இருந்து சிவந்து வாடிப்போயிற்று. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு விளங்கியது, நீ திரும்பப் பாடுவாய் என்றிருந்தாள்.

இந்த ஐப்பசியில் நோய் திரும்பி வந்தபோது டொக்டர்கள் கத்தியைத் தொடவே இல்லை. கடைசிக்கு முதல் நாள் பின்னேரம். நீ கோப்பி வாங்கக் கீழே போயிருந்தாய். அவள் கண்ணைத் திறந்து, "இஞ்சாருங்கோ" என்றாள். அப்படி அவள் என்னைக் கூப்பிட்டு எவ்வளவு காலம்! கிட்டப் போனேன். "இனியாவது அந்தப் பிள்ளையைப் பாட விடுங்கோவன்" என்றாள்.

ஒரு வசனத்தில் நான் என்னைக் காப்பாற்றியிருக்கலாம். நானல்ல, உனக்காகத்தான் அவன் விட்டான் என்று. அப்போது சொல்லியிருந்தால் அவள் அதை நினைத்துத் துன்பப்படுவதற்குக்கூட அதிக நேரம் இருந்திருக்காது. அந்த எண்ணமும் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். "ஓம். விடுறன். அவன் பாடுவான்" என்றேன். "சொன்னால் சொன்னதுதானே?" என்றாள். "சொன்னால் சொன்னதுதான்" என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். நான் செய்யாத ஒரு குற்றத்துக்காக அவள் என்னை மன்னித்தாள். நீ கோப்பியோடு வந்தபோது மற்றக் கையால்தான் வாங்கினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று உன்னைத் தேவாரம் பாடச் சொல்லிக் கேட்டார்கள். நீ மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுச் சுவரோடு சாய்ந்துகொண்டாய். மாமா பாடினார், மூக்கால். பின்னால் இரண்டு பெண்கள் பேசியது எனக்குக் கேட்டது. "பெரிய பாட்டுக்காரன் எண்டாங்கள்?" "தேப்பன்காரன்தான் வாயை அடைச்சுப்போட்டானாம். உவர் பெரிய படிச்ச மனிசன்." நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு யார் சொன்னது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, அம்மாதான்.

மாமாவை நேற்றுக் கேட்டேன், நேர்த்திக்கு முடிவு உண்டா என்று. "இல்லை அத்தான். கும்பிட்டுச் சொன்னது சாகும்வரைக்கும்" என்றார். "பாகற்காய்க்கும் அப்படியோ?" என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டார். எனக்குச் சாத்திரம் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் நீ அவளுடைய உயிரைக் கேட்டாய், ஒன்றரை வருடம் கிடைத்தது. அந்த ஒன்றரை வருடத்துக்கு வேண்டியதை நீ கொடுத்துவிட்டாய். நானும் கொடுத்துவிட்டேன். இப்போது அவள் இல்லை. யாருக்காக இன்னும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய்? நீ பாடினால் அவள் உண்மையிலேயே போய்விட்டாள் என்று ஆகிவிடும், அதற்குப் பயப்படுகிறாய் என்று நினைக்கிறேன். மகனே, அவள் போய்விட்டாள். அவளுடைய பனிச் சப்பாத்து இன்னும் வாசலில்தான் இருக்கிறது. நான் ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

நீ என் பெயரில் ஒரு பொய் சொன்னாய். நான் உன் பெயரில் ஒரு வாக்குக் கொடுத்தேன். நீ பாடாவிட்டால் உன்னுடைய பொய்தான் நிலைக்கும், என்னுடைய வாக்குப் பொய்யாகிவிடும். அவள் என் கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டது அந்த வாக்கை நம்பித்தான். இத்தாலிக்குப் போ, போகாமல் விடு, அந்த மனிதருக்கு உன் குரல் பிடிக்கட்டும், பிடிக்காமல் போகட்டும், அது எனக்குப் பெரிதில்லை. இத்தனை காலம் பூட்டி வைத்த குரல் முதல் நாளிலேயே சொல்வழி கேட்காது என்பதும் தெரியும். ஒரு பாட்டு. அவளுக்கு நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகும் அளவுக்கு ஒரு பாட்டு.

சிஞ்ஞோராவிடம் நீ வருவாய் என்று நான் சொல்லவில்லை. வரமாட்டாய் என்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை எனக்கு லீவு. நீ விரும்பாவிட்டால் உள்ளே வரமாட்டேன், வீதிக்கு எதிர்ப்பக்கம் நிற்பேன். நின்று கேட்டுப் பழக்கம்தான்.

போகுமுன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றோடு போகாதே. சொதி வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இரண்டு தடவை திரைந்துபோயிற்று, இன்றைக்குப் பரவாயில்லை. பச்சை மிளகாய் போடவில்லை.

அப்பா